எம்டன் என்னுஞ் சொல்

எத்தனையும் அஞ்சத்தக்கவனையும் “அவன் ஓர் எம்டன்” எனக் குறிப்பது தமிழர் பேச்சுவழக்கில் உண்டு. சென்ற கிழமை மாணாக்கன் ஒருவன், அச்சொல் எமன் என்பதன் திரிபோ என வினவினான். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் யானும் அவ்வாறே கற்பித்ததுண்டு. ஒலியொப்புமையையே சான்றாகக் கொண்டமையால் நேர்ந்த பிழை அது. எம்டன் என்பது, அப்பெயருடைய ஜேர்மன் நகரொன்றின் பெயரைத் தாங்கிய போர்க்கப்பலாகும்.

டான்சிக் நகரிற் கட்டப்பெற்று, 1908ஆம் ஆண்டில் நீரில் இறக்கப்பெற்று, 1909இற் கடற்படையிற் சேர்ந்த இலகு குறூசர்க் கப்பல் அது. நீளம் ஏறத்தாழ 118 மீற்றர், நிறை 3,600 தொன்னுக்குச் சற்று மேல், 10.5 சென்ரிமீற்றர்ப் பீரங்கிகள் 10. வேகம் மணிக்கு ஏறத்தாழ 24 கடல்மைல். பெருங்கலங்களோடு நேர்நின்று பொரும் வலிமை அதற்கில்லை. ஆகவே, 1914இல் முதலாம் உலகப்போர் மூண்டபோது அதன் தலைவர் கார்ல் வொன் முல்லர் சூழ்ச்சியைத் துணைக்கொண்டார். இருந்த மூன்று புகைபோக்கிகளோடு போலியாக நான்காவதொன்றை நாட்டிப் பிரித்தானியக் கப்பல்போலத் தோன்றச் செய்தார். இருபதுக்கு மேற்பட்ட வணிகக் கப்பல்களைப் பிடித்தார்.

1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு, எம்டன் சென்னைத் துறைமுகத்தை அணுகி எண்ணெய்த் தாங்கிகள்மீது குண்டு பொழிந்தது. தாங்கிகள் எரிந்தன, உயிர்களும் மாண்டன. அஞ்சிய மக்கள் ஆயிரக்கணக்கில் நகரை நீங்கினர். அவ்வச்சமே சொல்லாகித் தமிழில் நிலைத்தது.

ஆயின், சொல் காத்துவைத்தது அச்சத்தையும் சூழ்ச்சியையும் மட்டுமே. பிடிபட்ட வணிகக் கப்பல்களின் மாலுமிகளை முல்லர் கொல்லாது, வேறு கப்பலிலேற்றி அனுப்பிவைத்தார். பகைவரும் அவரை மெச்சினர். இதுகொண்டு எம்டனை வீரகாவியமாக்குவாரும் உளர். அவரோடும் யான் உடன்படேன். ஒக்டோபர் 28இற் பினாங்கில் அது மூழ்கடித்த ரஷ்யக் கப்பலிலும் பிரெஞ்சுக் கப்பலிலும் பலர் மாண்டனர். நவம்பர் 9ஆந் திகதி, கொக்கோசுத் தீவுகளருகே அவுஸ்திரேலியாவின் சிட்னி என்னும் கப்பல் தாக்கியபோது எம்டனிலேயே 130இற்கு மேற்பட்டோர் இறந்தனர். சென்னையின் துயரையும் முல்லரின் இரக்கத்தையும் இச்சாவுகளையும் ஒருங்கே கூறினாலன்றி அச்சொல்லின் வரலாறு நிறைவுறாது.

இவையனைத்தையும் அம்மாணாக்கனுக்குக் கூறினேன். என் பழைய பிழையையும் மறைத்திலேன். ஒலியொத்த இரு சொற்களை இணைத்துச் சொற்பிறப்புக் காட்டுதல் நம் பள்ளிகளில் எளிதாகிவிட்டது. பிறமொழிச் சொல்லொன்று நம்மிடை வழங்குவதைத் தமிழுக்கு இழுக்கெனக் கருதி வேர் கற்பிப்பாரும் உளர். தமிழுக்கு அத்தகைய பொய்த்துணை வேண்டுவதின்று. அறியாத சொல்லைப்பற்றி வினவினால், “அறியேன், தேடிச் சொல்வேன்” என்பது ஆசிரியர்க்குக் குறைவன்று. யான் அன்று அவ்வாறு கூறாமையால், பிழையைக் கற்றுச் சென்ற மாணாக்கர் பலர். அவருள் ஆசிரியராயினாரும் உளர். இக்கட்டுரை அவர் கண்ணிற் படுமாக.