பாத்திரக்காரருக்குப் போடும் முன் ஒரு நிமிஷம்!

பழைய துணிக்குப் பாத்திரம் தருபவர் தெருவில் குரல் கொடுத்தால் போதும், பீரோவில் இருக்கும் நூல் சேலைகளை எல்லாம் அள்ளிக் கொண்டு ஓடுகிறோம். ஏழெட்டு சேலைக்கு ஒரு பிளாஸ்டிக் பக்கெட்! அதுவும் ஒரு வருஷத்தில் விரிசல் விட்டு விடுகிறது. அதே சேலைகளைச் சேர்த்துத் தைத்தால் பல வருஷம் உழைக்கும் போர்வை கிடைக்கும். இதைச் சகோதரிகள் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் ஓசூரில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே தெருவில் கேட்கும். எங்கள் லைன் வீட்டில் தார்வாட் பக்கமிருந்து வந்த ஒரு அஜ்ஜி இருக்கிறார். மகனுக்கு சிப்காட்டில் வேலை. மதியம் சமையல் முடிந்ததும் வாசலில் உட்கார்ந்து 'கௌதி' தைப்பார். வட கர்நாடகத்தில் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் போர்வைக்கு அதுதான் பெயர்.

அவரிடம் நான் கற்றுக் கொண்டதைச் சொல்கிறேன். நூல் சேலைகளை வெந்நீரில் அலசி, வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். ஐந்தரை மீட்டர் சேலையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம் வரும். இது போல இரண்டு சேலையை ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு, மேலே கலர் துண்டுகளை வைத்து, சாதாரண ஓட்டுத் தையல் போட்டால் போதும். ஓரத்தில் ஆரம்பித்து உள்பக்கமாகச் சுற்றிச் சுற்றி வந்தால் துணி சுருங்காது. நூல் துணியோடு பாலியஸ்டர் சேர்க்கக் கூடாது, துவைத்ததும் ஒன்று இழுக்கும், ஒன்று இழுக்காது. அடுக்குகளுக்கு நடுவில் காற்று நிற்பதால்தான் கதகதப்பு. எங்கள் ஊர் மார்கழிக் குளிருக்கு இதை விட வேறு என்ன வேண்டும்?

இது ஏதோ ஏழைகளின் வேலை என்று நினைக்காதீர்கள். உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹளியாள் பக்கம் வாழும் சித்தி இனப் பெண்கள், அவர்கள் முன்னோர் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்கள், இதே மாதிரி தைத்து நாலு மூலையிலும் முக்கோணமாகப் பூ வைத்து முடிப்பார்கள். வங்காளத்தில் இதற்கு 'காந்தா' என்று பெயர். நாம் சொல்லும் 'கந்தை' என்ற சொல்லும் அதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவைதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்று ஒரு சின்ன ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வாரிசுகளான கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த பேன்ட், சட்டைகளைக் கொண்டு போர்வை தைத்தார்கள். 2002-ல் அவை நியூயார்க்கின் பெரிய ஓவியக் காட்சிக்கூடத்தில் தொங்கின. 2006-ல் அந்த நாட்டுத் தபால் தலையிலும் வந்தன. அதைக் கேட்ட பிறகு என் கணவரின் பழைய காக்கி யூனிபார்மையும் ஒரு போர்வையில் சேர்த்து விட்டேன்.

"பழந்துணியில் படுத்தால் தரித்திரம்" என்பார்கள் சில பெரியவர்கள். பிறந்த குழந்தையை முதலில் எதில் சுற்றுகிறோம்? துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பாட்டியின் சேலையில்தானே! தூளி கட்டுவதும் அதில்தானே! குழந்தைக்கு ஆகும் துணி நமக்கு மட்டும் எப்படித் தரித்திரம் ஆகும்?

பட்டுப்புடவை விஷயத்திலும் அவசரம் வேண்டாம். பழைய பட்டு வாங்குபவர்கள் சரிகையில் உள்ள வெள்ளிக்காக அதை எரித்து உருக்கி விடுகிறார்கள். ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான பட்டுக்கூடு வேண்டும். எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மல்பெரி வளர்த்துப் புழுவுக்கு இலை போடும் பெண்களின் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதை எரிக்க மனசு வராது. உடல் நைந்தாலும் பார்டரும் முந்தியும் பெண் குழந்தைக்குப் பாவாடையாகவோ, தலையணை உறையாகவோ ஆகுமே.

இன்னொரு விஷயம். அஜ்ஜி ஒரு மாசம் கண் வலிக்கத் தைத்த கௌதிக்கு, பெங்களூர்க் கடைக்காரர் ஒருவர் முந்நூறு ரூபாய் தருகிறேன் என்றார். 'கையால் தைத்தது' என்று சீட்டு ஒட்டி அவர் எத்தனைக்கு விற்பார் என்று நமக்குத் தெரியாதா? தினம் நாலு மணி நேரம் என்றாலும் முப்பது நாளைக்கு நூற்றி இருபது மணி நேரம்! மணிக்கு இரண்டரை ரூபாய்தான் ஆகிறது. அஜ்ஜி கொடுக்கவில்லை, பேத்திக்கு எடுத்து வைத்து விட்டார். வீட்டில் செய்யும் வேலை என்றால் சும்மா என்ற எண்ணம் முதலில் நம்மிடமிருந்தே போக வேண்டும். விற்கிறவர்கள் மணிக்கணக்குப் பார்த்து விலை சொல்லுங்கள். வாங்குகிறவர்கள் பேரம் பேசாதீர்கள்.

எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு எங்கெங்கிருந்தோ வயசுப் பெண்கள் வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிறார்கள். அம்மாவின் சேலைப் போர்வை ஒன்று பெட்டியில் இருந்தால் அந்தப் பெண்ணுக்கு ராத்திரி எவ்வளவு தெம்பாக இருக்கும்!

அதனால் சகோதரிகளே, அடுத்த முறை பாத்திரக்காரர் வரும்போது நாலு நூல் சேலையை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். வீட்டில் மாமியாரோ, பாட்டியோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தையலைக் கற்றுக் கொள்ளுங்கள். பக்கெட் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும். அவர்கள் கைப்பழக்கம் கிடைக்காது.

- ஒரு வாசகி, ஓசூர்.