மன்னார்க் கள்ளும் பிரெஞ்சு வெள்ளை வைனும்: பெயரும் நிலமும் யாருக்கு?

பாரிஸ் லா சப்பலில் கடை வைத்திருக்கும் மச்சான் கடந்த விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஒரு போத்தல் வெள்ளை வைன் கொண்டுவந்தார். சிறிய குடும்பத் தோட்டம் ஒன்றில் இயற்கை முறையில் செய்தது, விலை இருபத்தைந்து யூரோ என்றார். நம் காசில் எட்டாயிரம் ரூபாவுக்கு மேல். வெள்ளை வைன் என்றால் கண்ணாடி போல இருக்கும் என்று நினைத்திருந்த எங்களுக்கு அது கலங்கலாகத் தெரிந்தது. அடியில் மண்டியும் இருந்தது. நாற்பது வருடம் பனை ஏறிய மாமா முகர்ந்து பார்த்தார், ஒரு மிடறு குடித்தார். இது பின்னேரக் கள்ளு, இன்னும் கொஞ்சம் வைத்தால் புளித்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போத்தலைத் திருப்பிக் கொடுத்தார். எங்களுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு நிதானமாகப் படித்துப் பார்த்தபோது, மாமா சொன்னதில் அறிவியல் ரீதியாகப் பெரிய பிழை இல்லை என்று தெரிந்தது.

வழமையான வைன் தொழிற்சாலையில் திராட்சைச் சாற்றுக்குள் கடையில் வாங்கிய ஈஸ்ட்டைப் போடுவார்கள். கெடாமல் இருக்கக் கந்தக ஈரொட்சைட்டு சேர்ப்பார்கள். வடிகட்டித் தெளிய வைப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி இனிப்பில்லாத வெள்ளை வைனில் ஒரு லீற்றருக்கு 200 மில்லிகிராம் வரை இந்தக் கந்தகம் இருக்கலாம். சேதன வைன் என்றால் 150. இயற்கை வைன்காரர் இவற்றை விட்டுவிடுகிறார். பழத்தின் தோலிலும் ஆலையின் சுவரிலும் தானாக வாழும் ஈஸ்ட்டே சாற்றை நொதிக்க வைக்கிறது. 2020 மார்ச்சில் பிரான்ஸ் அதிகாரிகள் இதற்கென ஒரு முத்திரையை ஏற்றுக்கொண்டார்கள். சேதனச் சான்று பெற்ற பழம், கையால் பறித்தல், உள்ளூர் ஈஸ்ட், கந்தகம் சேர்த்தால் 30 மில்லிகிராமுக்குள் என்பவை அதன் முக்கிய நிபந்தனைகள்.

இனி நம் மரத்துக்கு வருவோம். பாளையைக் கட்டி, தட்டி, பாளைக்கத்தியால் காலையும் மாலையும் மெல்லிதாகச் சீவிவிட்டு முட்டியைக் கட்டுகிறார்கள். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் இறங்குவது கருப்பநீர். தடவாவிட்டால் கள்ளு. நேற்றைய கள்ளின் ஈரம் காயாத முட்டியிலும் காற்றிலும் பாளை நுனியிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பக்டீரியாவும் சொட்டு விழத் தொடங்கியதுமே வேலையைத் தொடங்கிவிடும். மரத்தில் தொங்கும்போதே நொதிக்கும் மது இது. சீவல்காரர் இறக்கும்போது அதில் ஏறக்குறைய நான்கு, ஐந்து வீதம் அல்ககோல் இருக்கும். ஒரு நாள் கடந்தால் புளிப்பு ஏறும், பிறகு வினாகிரி. பன்னாடையால் வடித்தால் போதும். வேறொன்றும் சேர்ப்பதில்லை. பிரெஞ்சுக்காரர் முத்திரை குத்தி விற்கும் முறையை நம் ஆட்கள் வேறு வழி தெரியாமல் செய்துவந்தார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் முட்டியைக் கழுவும் நேரம், சீவும் கனம், எந்த மரத்துக்கு எத்தனை நாள் ஓய்வு என்பதெல்லாம் ஒரு சீவல்காரர் பல வருடங்கள் பழகிக் கற்கும் விடயங்கள்.

அப்படியென்றால் இருபத்தைந்து யூரோ எங்கிருந்து வருகிறது? சுவை ஒரு பகுதி. மிச்சம் பெயரிலும் நிலத்திலும் இருக்கிறது.

பிரான்சின் லுவார் ஆற்றங்கரையில், ஆஞ்சே நகருக்கு அருகே கூலே தெ செரான் என்றொரு தோட்டம் இருக்கிறது. சுமார் 7 ஹெக்டேயர். 12ஆம் நூற்றாண்டில் துறவிகள் கொடி நட்ட சரிவு என்கிறார்கள். 1960களிலிருந்து ஜோலி என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருக்கிறது. ஷெனன் என்ற வெள்ளைத் திராட்சை மட்டும்தான். நிக்கொலா ஜோலி ஆரம்பத்தில் ஆலோசகர் சொற்கேட்டுக் களைகொல்லி அடித்தவர். மண் நிறம் மாறிச் செத்துக்கொண்டிருப்பதைக் கண்டு 1980களில் இரசாயனத்தைக் கைவிட்டார். இங்கே கவனிக்க வேண்டியது அவருடைய திருந்தலை அல்ல, அந்த 7 ஹெக்டேயருக்கு மட்டும் சட்டத்தில் தனிப் பெயர் உண்டு என்பதை. அந்தச் சரிவுக்கு வெளியே விளைந்த எந்தத் திராட்சையையும் அந்தப் பெயரில் விற்க முடியாது. இப்படிப் பெயர் பெற்ற நிலத்தில் அரசு கைவைக்க நினைத்தால் விவசாய அமைச்சினதும் பெயர்களைக் காக்கும் இனாவோ நிறுவனத்தினதும் வாசலைத் தாண்டிப் போக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், போத்தலில் ஒட்டிய பெயர் தோட்டத்துக்கு வேலியாகவும் நிற்கிறது.

அந்த வேலியை யாரும் தாமாக முன்வந்து போட்டுக்கொடுக்கவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனியும் தண்ணீரும் கலந்த போலி வைன் சந்தையை நிரப்பியது. தென் பிரான்சின் சிறு தோட்டக்காரர்கள் கடனில் மூழ்கினார்கள். 1907இல் இலட்சக்கணக்கானோர் வீதிக்கு வந்தார்கள். நார்பொன் நகரில் இராணுவம் சுட்டது, பொதுமக்கள் உயிரிழந்தார்கள். அந்த ஜூன் மாத முடிவிலேயே கலப்படத்துக்கு எதிரான சட்டம் வந்தது. அதன் தொடர்ச்சியாக 1935இல் இடப்பெயரைக் காக்கும் முறை முழுமை பெற்றது.

அதே காலத்தில் இலங்கையில் என்ன நடந்தது என்று பார்த்தால் 1912 வருகிறது. ஆங்கிலேயர் கொண்டுவந்த மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பாளை சீவ அனுமதி வேண்டும், விற்க அனுமதி வேண்டும். ஐந்து வருட இடைவெளியில் பிறந்த இரண்டு சட்டங்கள் இவை. பிரெஞ்சுச் சட்டம் பீப்பாவுக்குள் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது என்று கேட்டது. நம்முடையது எவ்வளவு வரி வரும், யார் கள்ளத்தனமாக இறக்குகிறார் என்று கேட்டது. சீவல்காரரைச் சந்தேக நபராகப் பார்க்கும் பழக்கம் அங்கிருந்துதான் வருகிறது. அதற்கு மேல் சாதி இழிவும் சேர்ந்தது. கள்ளைக் குடித்தவர்களே இறக்கியவரைத் திண்ணைக்கு வெளியே நிறுத்திய சமூகம் நாங்கள். இதை மறைத்துவிட்டுப் பனையைக் கற்பகதரு என்று மேடையில் புகழ்வதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு நல்ல திருப்பமும் இருந்தது. 1970களின் தொடக்கத்தில், என்.எம்.பெரேரா நிதியமைச்சராக இருந்தபோது, தவறணைக் குத்தகைக்காரரின் பிடியிலிருந்து தொழில் விடுபட்டுப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்களின் கைக்கு வந்தது. வடக்கின் பல சீவல் குடும்பங்களின் பிள்ளைகள் படித்தது அந்தச் சங்கங்களின் வருமானத்தில்தான். 1978இல் பனை அபிவிருத்திச் சபை உருவானது. பிறகு யுத்தம். பதுங்குகுழிக்கும் காவலரணுக்கும் பனங்குற்றியைப் போல உதவிய மரம் வேறில்லை. ஆயிரக்கணக்கில் வெட்டினார்கள், எல்லாத் தரப்பும் வெட்டியது. ஊரடங்கு வந்தால் முதலில் நின்றுபோவதும் விடியுமுன் ஏறும் இந்தத் தொழில்தான்.

திராட்சைக் கொடி நட்ட மூன்றாம், நான்காம் வருடம் வைனுக்குப் பழம் தரும். பனை பாளை விட 15 முதல் 20 வருடம் எடுக்கும். தோட்டம் அழிந்த பிரெஞ்சுக் குடும்பம் சில வருடங்களில் மீண்டும் சந்தைக்கு வரலாம். பனை இழந்த மன்னார்க் குடும்பத்துக்கு ஒரு தலைமுறை காத்திருப்பு. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்கள் போட்ட பனங்கொட்டைகள் இப்போதுதான், இந்த வருடங்களில்தான், பாளை விடும் வயதை எட்டுகின்றன.

சரியாக இந்த நேரத்தில்தான் மன்னார்த்தீவு வேறு கணக்குகளில் எழுதப்படுகிறது. தீவின் தென்கரையில் மின்சார சபையின் தம்பபவனி காற்றாலைத் திட்டம் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் வந்தது. 30 கோபுரங்கள், 103.5 மெகாவாட். அடுத்து அதானி நிறுவனம் 52 கோபுரங்களோடு வர இருந்தது. வழக்குகளும் விலைச் சர்ச்சையும் சேர்ந்து 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. மக்கள் மூச்சுவிடுமுன் வேறு நிறுவனங்களின் காற்றாலைகள் வந்தன. 2025 ஆகஸ்டில் மன்னார் நகரில் இரவு பகலாகப் போராட்டம் நடந்தது. ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க ஒரு மாதம் இடைநிறுத்தினார். செப்டெம்பர் இறுதியில் பொலிஸ் பாதுகாப்போடு உதிரிப்பாகங்கள் மீண்டும் தீவுக்குள் வந்தன, மக்களோடு மோதல் ஏற்பட்டது. இதற்குச் சமாந்தரமாக, தீவின் மணலுக்கடியில் உள்ள இல்மனைற்றை எடுக்க அவுஸ்திரேலிய நிறுவனம் ஒன்று வருடக்கணக்காகத் துளையிட்டு ஆராய்ந்துவருகிறது.

காற்றாலை மின்சாரத்தையே எதிர்ப்பவன் அல்ல நான். நிலக்கரியைவிட அது நல்லது. ஆனால் 130 சதுர கிலோமீற்றர் அளவே உள்ள, கடல்மட்டத்தை ஒட்டிய மணல் தீவில் எந்த நிலம் வெறுமை என்று யார் தீர்மானிப்பது? தாழ்வுபாட்டிலிருந்து தலைமன்னார் வரை பனங்கூடல்களுக்கு நடுவே போகும் எவருக்கும் அது வெறும் நிலமாகத் தெரியாது. திட்ட அறிக்கையில் அது பற்றைக்காடு, மணல்மேடு. அங்கே சீவல்காரர் பெரும்பாலும் மரத்துச் சொந்தக்காரரும் அல்லர், வாடகைக்கு மரம் எடுப்பவர். நட்டஈட்டுப் பட்டியலில் காணிக்காரரின் பெயர் வரலாம். ஏறியவரின் பெயர் எந்தப் பத்தியில் வரும்? 1951ஆம் ஆண்டின் மரம் வெட்டும் கட்டுப்பாட்டுச் சட்டம் பெண்பனையைக் காக்கிறது. கள்ளுக்கு ஆண்பனையும் சீவப்படும் என்பது அந்தச் சட்டத்தின் கண்ணில் படவில்லை. மணல் தோண்டினால் நன்னீர்ப் படுக்கை என்னாகும், காற்றாலைக்குப் போட்ட பாதைகள் மழைநீர் ஓடும் வழியை எப்படி மறித்தன என்பவை ஊர் மக்கள் ஏற்கெனவே எழுப்பிய கேள்விகள். பனை வரட்சியைத் தாங்கும் மரம்தான். உப்பேறிய, தண்ணீர் தேங்கிய மண்ணில் வருடக்கணக்காக நிற்கச் சொன்னால் அதற்கும் எல்லை உண்டு.

வேலி போட வழி இருக்கிறதா? ஓரளவு இருக்கிறது. இலங்கையின் புலமைச் சொத்துச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டு, புவிசார் குறியீடுகளுக்குத் தனிப் பதிவேடு உருவாக்க இடம் செய்யப்பட்டது. அதே வருடம் பெப்ரவரியில் இலங்கைக் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தக் குறியீட்டைப் பெற்றது. பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இல் பெற்றது. அங்கே 1987 ஜனவரியிலிருந்து கள்ளு இறக்குவதே குற்றம் என்பதால் கருப்பட்டியோடு நின்றுவிட்டார்கள். தலைமன்னாரிலிருந்து முப்பது கிலோமீற்றர் கடல் தாண்டினால் மாமாவின் தொழில் சட்டவிரோதம். நமக்கு அந்தத் தடை இல்லை. உலக வர்த்தக அமைப்பின் உடன்படிக்கையில் வைனுக்கும் மதுசாரத்துக்கும் மற்றப் பொருட்களைவிட இறுக்கமான பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கியவர்களில் முன்னணியில் நின்றது ஐரோப்பா. ஆங்கிலத்தில் கள்ளைப் பனை வைன் என்று அழைக்கும் உலகம், அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத் தருமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

யாழ்ப்பாணத்திலிருந்து போத்தல் கள்ளு ஏற்கெனவே புலம்பெயர் நாடுகளுக்குப் போகிறது. அதைக் குறைசொல்லவில்லை. ஆனால் கப்பலில் தாங்குவதற்காகச் சூடாக்கினால் உயிரோடு இருந்த ஈஸ்ட் செத்துவிடும். சுவையும் மாறும். லா சப்பல் கடைத்தட்டில் இருக்கும் அந்தப் போத்தலை எடுத்துப் பார்ப்பவர் அது எந்தக் கூடலில், யார் ஏறி இறக்கியது என்று அறிய வழியில்லை. இயற்கை வைன்காரர் கலங்கலையும் மண்டியையும் மறைக்காமல் விற்றதுபோல, கள்ளை ஊரிலேயே, இறக்கிய சில மணித்தியாலத்துக்குள், பெயரோடு விற்கும் வழியையும் கூட்டுறவுச் சங்கங்கள் யோசிக்கலாம். 2015 மார்ச்சில் தலைமன்னாருக்கு ரயில் மீண்டும் ஓடத் தொடங்கியது. பறவை பார்க்கவும் கடல் பார்க்கவும் வருகிறவர்கள் இறங்கும் தீவு இது.

ஒரு கேள்வி கட்டாயம் எழும். குடியால் சீரழிந்த வீடுகள் நிறைந்த வடக்கில் மதுவுக்குப் பெயர் வாங்கிக்கொடுக்கத்தான் வேண்டுமா? யுத்தத்துக்குப் பிறகு இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள், அவர்களுக்கு இலேசான பதில் சொல்லித் தப்ப முடியாது. கள்ளும் போதைதான். என் பார்வையில், அந்த வீடுகளை அதிகம் அழித்தது கசிப்பும் மலிவான சாராயமும். சீனியையும் ஈஸ்ட்டையும் கலந்து கள்ளு என்று விற்கும் போலியும் அந்த வரிசையில்தான் வரும். எந்த மரத்திலிருந்து வந்தது என்று கேட்கும் சட்டம் போலியை வெளியே தள்ளும். குடிக்கிறவரின் கையைப் பிடிக்க அதனால் முடியாது.

இன்னொரு சிக்கல் ஏறுகிறவர். மாமாவின் இரண்டு மகன்களும் ஏறவில்லை. ஒருவர் கட்டாரில், மற்றவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். விழுந்தால் முதுகெலும்பு, ஓய்வூதியம் என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இல்லை, ஊரில் மரியாதையும் இல்லை. கூலே தெ செரானில் தந்தைக்குப் பிறகு மகள் தோட்டத்தைப் பொறுப்பெடுத்தார் என்று படித்தபோது எனக்கு வந்தது பொறாமை.

மச்சான் திரும்பிப் போகும்போது மிச்ச வைனை விட்டுவிட்டுப் போனார். மூன்றாம் நாள் மாமா சொன்னபடியே புளித்தது. மாமி அதை மீன் ஊறவைக்க எடுத்துக்கொண்டார். மாமா இப்போது ஏறுவதில்லை. வளவின் பின்பக்கம் 2010இல், முகாமிலிருந்து திரும்பிய வருடம் போட்ட ஏழு கொட்டைகளில் ஐந்து மரமாகி நிற்கின்றன. இந்த வருடம் ஒன்று பாளை விட்டிருக்கிறது, ஆண்பனை. வேலிக்கு அப்பால், அரசாங்கக் காணி என்று சொல்லப்படும் பக்கத்தில், அளவையாளர்கள் சிவப்புத் துணி கட்டிய தடியொன்று நட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். எதற்கு என்று பிரதேச செயலகத்தில் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.