புகைமூட்டம்: வீட்டு மரங்களுக்கு என்ன ஆகிறது?

புகைமூட்டம் சூழ்ந்தால் நாம் முதலில் பார்ப்பது ஐபியு எனப்படும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை. அது 100ஐத் தாண்டினால் ஆரோக்கியமற்ற நிலை, 300ஐத் தாண்டினால் ஆபத்தான நிலை. உடனே முகக்கவசம் அணிகிறோம், பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறோம். வெளியே நிற்கும் மாமரமும் ரம்புத்தானும் முருங்கையும் எங்கே போகும்?

1997 செப்டம்பரில் சரவாக்கில் குறியீடு 800ஐத் தாண்டியது. 2013 ஜூனில் மூவாரில் 700ஐக் கடந்தது. இரு முறையும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. அந்தக் கணக்குகள் எல்லாம் மனிதனின் நுரையீரலுக்கானவை. மரங்களுக்குக் கணக்கு வைப்பார் யாருமில்லை.

மரத்துக்கு நேரும் முதல் பாதிப்பு வெளிச்சக் குறைவு. அடர்ந்த புகை வெயிலை மறைப்பதால் இலைகள் உணவு தயாரிப்பது குறைகிறது. இது பல நாள் நீடித்தால் காய்கள் சிறுத்துப்போகலாம், பழத்தில் இனிப்பும் குறையலாம். இலையின் நுண்துளைகளில் துகள்கள் படிவதால் மரத்தின் சுவாசமும் தடைபடுகிறது. பூக்கும் பருவமாக இருந்தால், தேனீக்களின் நடமாட்டம் குறைந்து காய்ப்பிடிப்பும் பாதிக்கப்படலாம்.

ஆனால், பழி முழுவதையும் புகைமீது போட்டுவிட முடியாது. புகைமூட்டம் பெரும்பாலும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான வறண்ட தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில்தான் வருகிறது. அப்போது பிஞ்சு உதிர்ந்தால், தண்ணீர்ப் பற்றாக்குறையே காரணமாக இருக்கலாம். வேர்ப்பகுதி மண்ணைத் தோண்டிப் பார்த்து, காய்ந்திருந்தால் நன்றாக நீர் ஊற்றுவதே முதல் வைத்தியம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுமத்ராவிலிருந்தும் கலிமந்தானிலிருந்தும் கடல் கடந்து வருவது பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். கனமான சாம்பல் அவ்வளவு தூரம் வருவது அரிது. உங்கள் வாழை இலையில் சாம்பல் படிந்திருந்தால், நெருப்பு பக்கத்தில்தான் எங்கோ எரிகிறது. கிள்ளான் ஜொஹான் செத்தியா வட்டார மக்களுக்கு இது புதிதல்ல. அங்குள்ள கரிமண் நிலத்தில் தீப் பிடித்தால் மண்ணுக்கடியிலேயே நாள்கணக்கில் புகைந்துகொண்டிருக்கும்.

சாம்பல் உரம்தானே என்று சிலர் நினைக்கலாம். சுத்தமான விறகுச் சாம்பலில் பொட்டாசியம் உண்டு. கொஞ்சமாக இட்டால் நல்லதுதான். பிளாஸ்டிக்கும் குப்பையும் எரிந்த சாம்பல் மரத்தடிக்கு ஆகாது. அதற்காக வீட்டில் குப்பை கொளுத்துவதும் கூடாது. திறந்தவெளி எரிப்பு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டப்படி குற்றம்.

காற்று தெளிந்த பிறகு, காலையில் இலைகளைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். புகை நாள்களில் கிளை வெட்டுவதைத் தள்ளிப்போடுங்கள். கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, பழங்களை ஓடும் நீரில் நன்கு அலசியே பயன்படுத்துங்கள்.

ஆனால், தண்ணீர்க் குழாயால் தீராத பிரச்சினையும் இருக்கிறது. எல்லை கடந்த புகைமூட்டம் குறித்த ஆசியான் ஒப்பந்தம் 2002இல் கோலாலம்பூரில்தான் கையெழுத்தானது. இந்தோனேசியா அதற்கு ஒப்புதல் அளிக்க 2014 ஆனது. அதே ஆண்டு சிங்கப்பூர், வெளிநாட்டில் தீ மூட்டிப் புகை பரப்பும் நிறுவனங்களையும் தண்டிக்கச் சட்டம் இயற்றியது. மலேசியாவுக்கும் அப்படியொரு சட்டம் வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக அடிபடுகிறது.

மரம் முகக்கவசம் அணியாது, வீட்டுக்குள்ளும் ஓடி வராது. யாரோ மூட்டும் தீக்கு அது நின்ற இடத்திலேயே விலை கொடுக்கிறது. அந்த மரத்தடியில் வாழும் நாமும் அப்படித்தான்.