நாக்குக்குத் தெரியும் நல்ல அரிசி!

ஸ்காட்லாந்து நாட்டு விஸ்கியை ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு வைக்கிறார்கள். அது ஷெர்ரி ஒயின் இருந்த பீப்பாய் என்றால் ருசியே தனியாம்! ஒப்பிட்டுச் சொல்ல நிபுணர்களும் உண்டு.

அந்தச் சரக்கு நமக்கு எதற்கு? ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மட்டும் போதும்.

தஞ்சைத் தரணியில் அறுவடை நெல்லைக் குதிரில் கொட்டிப் பழசாக்கினார்கள். புது அரிசிச் சோறு குழையும். பழைய அரிசிச் சோறு பூவாக உதிரும். தூயமல்லிக்கு ஒரு ருசி. சிவந்த மாப்பிள்ளைச் சம்பாவுக்கு வேறு ருசி.

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்ட 'நெல்' ஜெயராமன் 2018-ல் மறைந்தார். வாங்க ஆள் இருந்தால்தானே விவசாயி அவற்றை விதைப்பார்?

வெள்ளை நிறத்தை மட்டும் பார்த்து அரிசி வாங்கலாமா? மாதம் ஒரு ரகம் வடித்துப் பாருங்கள்!