புதைத்த தாலந்தைத் தோண்டி எடுப்போம்



1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சண்டை மீண்டும் மூண்டபோது, அம்பாறை மாவட்டத்தின் வயல் கிராமங்களில் இருந்து எத்தனையோ குடும்பங்கள் உடுத்த உடையோடு வெளியேறின. நகையையும் காணி உறுதியையும் வளவுக்குள் புதைத்துவிட்டு ஓடியவர்களும் நம்மிடையே உண்டு. அதைக் குற்றம் என்று யார் சொல்வார்? உயிர் தப்பினால் போதும் என்றிருந்த வேளை அது.

இதனால்தான் மத்தேயு 25 ஆம் அதிகாரத்தில் வரும் தாலந்து உவமையை நாம் மற்றவர்களைவிட நன்றாக விளங்கிக்கொள்ள முடியும். ஒரு தாலந்தைப் பெற்ற ஊழியன் பயந்தான், மண்ணிலே புதைத்தான். அக்காலத்தில் பணத்தைக் காப்பாற்ற அதுவே நம்பிக்கையான வழி. அவன் திருடவில்லை, வீணாக்கவும் இல்லை. அவனுக்குக் கிடைத்தது சிறு தொகையும் அல்ல. ஒரு தாலந்து என்பது ஏறக்குறைய 6,000 நாட் கூலி. ஒரு கூலியாள் இருபது வருடம் உழைத்துப் பெறுவது. அவ்வளவும் எவருக்கும் பயன்படாமல் மண்ணுக்குள் கிடந்தது. எஜமான் கணக்குக் கேட்டது அதற்காகவே.

பயம் வருவது பாவம் அல்ல. 1990 இல் வந்த பயத்துக்குக் காரணம் இருந்தது. 2004 டிசம்பர் 26 இல் கடல் பாண்டிருப்புக்குள் புகுந்தபோது வந்த பயத்துக்கும் காரணம் இருந்தது. ஆனால் ஆபத்து நீங்கிய பின்னும் புதைத்ததைத் தோண்டாமல் இருப்பதுதான் நமது கேள்வி. பலரிடம் புதைந்து கிடப்பது நகை அல்ல, கைப்பழக்கம். எந்த வட்டைக்கு எந்த நெல் பொருந்தும், மடையை எப்போது திறக்க வேண்டும், உப்புக் கரைசலில் பதரை மிதக்கவிட்டு நல்ல விதைநெல்லை எப்படிப் பிரிப்பது, கடல்நீர் ஏறிய மண்ணை வரம்பு கட்டி மாரி மழையால் எப்படிக் கழுவுவது என்பதெல்லாம் கமக்காரர் அறிந்தவை. அறிந்தவர் கூட்டத்தில் பின்வரிசையில் மௌனமாக இருக்கிறார். “நான் படிக்காதவன், அகதியாக வந்தவன், நான் என்னத்தைச் சொல்ல?” என்கிறார்.

இதில் சபைகளாகிய நமக்கும் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். நிவாரணப் பட்டியல் எழுதியபோது “உங்களிடம் என்ன இல்லை?” என்று கேட்டோம். பாயும் அரிசியும் கொடுத்தோம். அது அவசியமாகவே இருந்தது. ஆனால் “உங்களுக்கு என்ன தெரியும்?” என்று கேட்க மறந்தோம். பல வருடம் கையேந்தி நிற்க வைக்கப்பட்டவர், தன் கையிலும் ஒன்று உண்டு என்பதை மறந்துபோவது இயல்பு.

வரம் என்றால் பிரசங்கமும் பாட்டும் மட்டும் என்று எண்ணுவதும் ஒரு தவறு. நமது பகுதியின் சரித்திரமே வேறு விதமாகச் சொல்கிறது. 1814 இல் மட்டக்களப்புக்கு வந்த முதலாவது மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்ட், வரும் வழியிலே கப்பலில் மனைவியை இழந்தவர். ஊரும் பாஷையும் புதிது. அழுதுகொண்டு திரும்பியிருந்தால் ஒருவரும் பழி சொல்லியிருக்கமாட்டார்கள். அவர் பிள்ளைகளுக்குப் பாடசாலை தொடங்கினார். 1815 ஏப்ரலில், வந்து ஒரு வருடம் நிறையுமுன்னே, இறந்தும் போனார். விளைச்சலை அவர் காணவில்லை. அவர் தொடங்கிய பணி பின்னர் கல்முனைக்கும் பாடசாலையைக் கொண்டுவந்தது. காரைதீவில் 1892 இல் பிறந்த ஒரு சிறுவன் அங்கே படித்தான். அவரே சுவாமி விபுலாநந்தர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர். பயப்படாமல் விதைத்த வரம் சபையின் வேலிக்குள் நிற்பதில்லை. ஊர் முழுவதற்கும் நிழல் கொடுக்கும்.

ஆகையால் நாம் முன்வைப்பது இதுதான். அடுத்த வீட்டு ஜெபக் கூட்டத்தில் ஒரு கொப்பியை வைத்து, ஒவ்வொருவரிடமும் “உங்களுக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லுங்கள்” என்று கேட்டு எழுதுவோம். விதை தெரிந்த பெரியவர், தோட்டம் தெரிந்த அம்மா, கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளை, நோயாளியின் அருகே பொறுமையாக இருக்கத் தெரிந்தவர் என்று ஒருவரும் விடுபடக் கூடாது. அந்தக் கொப்பியில் இருந்து மூவரைத் தெரிந்து, கமநல சேவை நிலையத்தில் நடக்கும் கமக்காரர் கூட்டத்துக்குச் சேர்ந்து போகச் சொல்வோம். தனியே எழும்பிப் பேசப் பயப்படுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் இருந்தால் நா எழும்பும். பயந்த சுபாவமுள்ள தீமோத்தேயுவுக்கும் பவுல் என்ற ஒரு மூத்தவர் பக்கத்துணையாக இருந்தாரல்லவா?

சிலர் இன்னும் தம் காணிக்குத் திரும்பவில்லை. அந்த உரிமையைக் கேட்பதும் தைரியம் வேண்டிய வேலையே. அதற்கும் நாம் சேர்ந்தே போக வேண்டும். காணி கைக்கு வரும்வரை அறிவையும் புதைத்து வைத்தால், வயல் திரும்பி வரும் நாளில் பிள்ளைகளுக்கு விதைக்கத் தெரியாது.

விதைநெல்லைச் சாக்கிலே பூட்டி வைத்தால் வண்டு தின்னும். மண்ணிலே போட்டால்தான் முளைக்கும். கர்த்தர் நமது கைகளைத் திடப்படுத்துவாராக.