பனிப்பேழையில் கிடப்பவரின் சொத்து யாருக்கு?

வெள்ளிதோறும் நம் இல்லங்களில் ஓதப்பெறும் அல்கஹ்ஃபு அத்தியாயத்தின் வாயிலாகக் குகைவாசிகளின் வரலாற்றை அறியாதார் நம்மிடையே இலர். இறைவனின் நாட்டத்தால் 309 ஆண்டுகள் உறங்கி எழுந்த அவ்விளைஞர்கள், ஒரு நாளோ அதில் ஒரு பகுதியோ உறங்கியதாகவே கருதினர். வெள்ளிக் காசைக் கொடுத்துத் தம்முள் ஒருவரை உணவு வாங்க நகருக்கு அனுப்பினர். அந்தக் காசைக் கண்டு கடைக்காரர் திகைத்தார் என்று விரிவுரையாளர்கள் எழுதுகின்றனர். அவர்களை அறிந்தவர் எவரும் அந்நகரில் எஞ்சியிருக்கவில்லை.

இறைவனின் அத்தாட்சியாக நிகழ்ந்த அந்நெடுந்துயிலை இப்போது விலைக்குத் தருவதாகச் சில நிறுவனங்கள் முன்வந்திருக்கின்றன. 'கிரையானிக்ஸ்' என்பது அதன் பெயர். மரணம் உறுதி செய்யப்பட்டவுடன் உடலைக் குளிர்வித்து, இரத்தத்தை வெளியேற்றி, பனித்துகள் படியாமல் தடுக்கும் திரவத்தைச் செலுத்தி, மைனஸ் 196 டிகிரிக் குளிருடைய திரவ நைட்ரஜன் கலத்தில் வைத்துவிடுகின்றனர். நோய்க்கு மருந்து காணப்படும் காலத்தில் எழுப்பிவிடலாம் என்பது அவர்தம் நம்பிக்கை. 1967 ஜனவரி 12 அன்று கலிஃபோர்னியாவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் பேராசிரியரின் உடல் இவ்வாறு உறைய வைக்கப்பட்டது. அன்று தொட்டு இன்றளவும் எழுந்து வந்தவர் ஒருவரும் இலர்.

ஆயினும் ஆதரவு பெருகியே வருகிறது. அரிசோனாவின் 'அல்கோர்', மிச்சிகனின் 'கிரையானிக்ஸ் இன்ஸ்டிடியூட்' போன்றவற்றோடு பெரும்பாலும் நின்றிருந்த இம்முயற்சி, 2017இல் சீனாவின் ஷாண்டோங் மாகாணத்திலும், 2024இல் ஆஸ்திரேலியாவிலும் தன் முதல் உடலை ஏற்றது. பெர்லினில் தொடங்கிய 'டுமாரோ பயோ' என்னும் நிறுவனம் முழு உடலுக்கு இரண்டு லட்சம் யூரோ அளவில் விலை கூறுகிறது. 'பேபால்' நிறுவனர்களுள் ஒருவரான பீட்டர் தீல் போன்ற பெருஞ்செல்வர்களும் பெயர் பதிந்துள்ளனர்.

அறிவியலைப் பழிப்பது நம் நோக்கமன்று. உறைநிலையில் 100 நாட்கள் வரை வைத்திருந்த எலியின் சிறுநீரகங்களை மீளச் சூடாக்கி, வேறு எலிகளுக்குப் பொருத்தி இயங்கச் செய்ததாக மினசோட்டா பல்கலைக்கழகத்தார் 2023இல் அறிவித்தனர். மாற்றுறுப்புக்காக ஏங்கி நிற்கும் நோயாளிகளுக்கு இது நற்செய்தியே. ஆனால் எலியின் சிறுநீரகம் வேறு. இறந்துபட்ட மனிதர் வேறு.

அன்பர்களே, இவ்வணிகத்தின் கணக்கேட்டைச் சற்றுப் புரட்டிப் பாருங்கள். சேர்வோருள் பலர் ஆயுள் காப்பீட்டின் மூலமே கட்டணம் செலுத்துகின்றனர். காப்பீட்டுப் பணம் வருவதற்கு அவர் இறந்தவராக இருத்தல் வேண்டும். பணம் வந்து சேர்ந்தபின், நிறுவனத்தின் ஏட்டில் அவர் 'நோயாளி'! இன்னும் ஒருபடி மேலே போய், தாம் மீண்டு வரும்போது தமக்கே சேர வேண்டுமென்று 'டிரஸ்டு' எழுதிச் சொத்தைப் பூட்டி வைத்த அமெரிக்கச் செல்வரும் உளர். உடலினும் உறுதியாக உறைவது சொத்துதான். கட்டணம் நின்றால் நேர்வது என்ன என்பதற்கும் சான்று உண்டு. 1970களில் கலிஃபோர்னியாவின் சாட்ஸ்வொர்த் கல்லறைத் தோட்டத்து நிலவறையில் வைக்கப்பட்டிருந்த உடல்கள், பணமும் பராமரிப்பும் இன்றி உருகி அழிந்தன.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய வழக்கொன்று எழுந்தது. பஞ்சாபின் நூர்மஹலில் ஆசிரமம் நடத்திய ஆசுதோஷ் மகராஜ் 2014 ஜனவரி 29 அன்று இறந்துவிட்டதாக மருத்துவர்கள் கூறினர். அவர் ஆழ்ந்த சமாதியில் இருக்கிறார் என்று சீடர்கள் கூறி, உடலைக் குளிர்பதனப் பேழையில் வைத்தனர். அவருடைய மகன் என்று உரிமை கோரியவர் உடலைக் கேட்டு நீதிமன்றம் சென்றார். தகனம் செய்யுமாறு 2014 டிசம்பரில் பஞ்சாப்-அரியானா உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஆணையிட்டார். 2017 ஜூலையில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வோ உடலைப் பாதுகாத்து வைக்க அனுமதித்தது.

நம் மார்க்கத்தில் மரணம் என்பது வீட்டாரின் உரிமைகள் தொடங்கும் நேரமும் ஆகும். அடக்கச் செலவு, பிறகு கடன், பிறகு மூன்றில் ஒரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், எஞ்சியது வாரிசுகளுக்கு என்பது திருமறை வழிவந்த ஒழுங்கு. 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டப்படி இந்நாட்டு முஸ்லிம்களின் வாரிசுரிமையும் இந்நெறியையே தழுவியது. கைம்பெண்ணின் இத்தா நான்கு மாதம் பத்து நாள். கணவர் 'நோயாளி'யாகப் பேழையில் கிடந்தால், அந்த அம்மையாரின் இத்தா எந்த நாளில் தொடங்கும்? எட்டில் ஒரு பங்கை யாரிடம் கேட்பார்? குறைந்த கட்டணத்துக்குத் தலையை மட்டும் துண்டித்து வைக்கும் முறையும் அங்கே உண்டு. மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற நபிமொழியை அறிந்தோர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை.

2016இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றத்தில், புற்றுநோயால் மரணத் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுமி, தன்னை உறைய வைக்கும் உரிமையைத் தாயிடம் ஒப்படைக்குமாறு வேண்டிப் பெற்றாள். இருநூறு ஆண்டு கழித்து மகள் எழுந்தால் உறவினர் எவரும் இருக்கமாட்டார்களே என்பது தந்தையின் கவலை. இருநூறு ஆண்டு எதற்கு? நம் காஞ்சியில் நாற்பதாண்டின் நீளத்தை அறியாதார் யார்? வரதராசப் பெருமாள் கோயில் குளத்தினுள் இருக்கும் அத்திமரச் சிலையை நம் அண்டை வீட்டார் 1979க்குப் பின் 2019இல்தான் தரிசித்தனர். அவர்தம் வழிபாடு குறித்துப் பேசுவது நம் பணியன்று. காலத்தை மட்டும் எண்ணிப் பாருங்கள். முன்னதற்கு வாலிபராய் வந்த நெசவாளர், பின்னதற்குப் பேரனின் கைபற்றி வந்திருப்பார். கோர்வைச் சேலை நெய்யத் தறியில் இருவர் வேண்டும். துணை நெய்தவர் எல்லாரும் மறைந்தபின் தனியே எழுந்து வருபவர் மறுபுறம் யாரை அமர்த்துவார்?

'துபாயிலிருந்து மகன் வரும்வரை மையித்தை ஃப்ரீசர் பாக்ஸில் வைக்கிறோமே, அதுவும் இதுதானா?' என்று நீங்கள் கேட்கக்கூடும். இல்லை. அது விமானத்துக்கான காத்திருப்பு. உயிர்த்தெழலை எதிர்பார்த்து அன்று. ஆயினும் ஜனாஸாவை விரைந்து எடுக்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் பணித்திருக்க, அந்த வாடகைப் பெட்டி இரண்டு நாள், மூன்று நாள் என்று கூடத்தில் நிற்பதை ஜமாஅத்தார் கவனிக்க வேண்டும். வர இயலாத மகன் தொலைவிலிருந்தே காயிப் ஜனாஸா தொழ ஷாஃபிஈ மத்ஹபில் இடமுண்டு. ஹனஃபி மத்ஹபில் இல்லை. துஆச் செய்வதற்கு இரு மத்ஹபிலும் தடையில்லை. விடுமுறையில் வந்து தந்தையின் கப்ரை ஸியாரத் செய்வதற்கும் தடையில்லை.