நகரக் கூரைகளும் மின்சாரப் பங்கீடும்

வீட்டு விளக்குக்கும் தெருவில் ஓடும் வண்டிக்கும் ஒரே மின்சாரம் உதவுவது புதிய செய்தி அன்று. மும்பையில் 1905-ஆம் ஆண்டில் தோன்றிய மின்சார, டிராம்வேக் கம்பெனி 1907-இல் மின்சார டிராம் வண்டிகளை ஓட்டத் தொடங்கிற்று. 1947-இல் அது நகராட்சியின் உடைமையாயிற்று. 1964 மார்ச்சு 31-ஆம் நாளோடு டிராம் ஓய்ந்தது. ஆயினும் அந்த ஸ்தாபனமாகிய பெஸ்ட் இன்றும் பேருந்துகளை நடத்துவதோடு, மாதுங்கா, தாராவி உள்ளிட்ட தீவு நகரத்திற்கு மின்சாரமும் வழங்கி வருகிறது. அன்று வண்டியும் மின்சாரமும் கம்பெனியினுடையவை. வீட்டார் வாடிக்கையாளர் மட்டுமே. இன்றோ வண்டி வீட்டாருடையது. அதற்கு வீட்டிலேயே மின்னேற்றலாம். கூரையின் மீது மின்சாரத்தையும் தாமே உற்பத்தி செய்துகொள்ளலாம். இந்த மாறுதலின் பயன் யாவர்க்கும் கிட்டுமா, அன்றிக் கூரை உடையார்க்கு மட்டுமே கிட்டுமா என்பதே ஆராயத்தக்க வினாவாகும்.

கூரை எவ்வளவு தரும் என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்ப்பது நலம். ஒரு கிலோவாட்டுத் திறனுள்ள சூரியத் தகடுகளுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். மும்பை வெயிலில் அவை ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு 4 யூனிட் மின்சாரம் தரும். மழைக்கால மாதங்களில் இது பெரிதும் குறையும். சிறிய மின்சாரக் கார் ஒன்று 30 கிலோமீட்டர் ஓடுவதற்கும் ஏறக்குறைய 4 யூனிட்டே செலவாகும்.

மாதுங்காவில் காணப்படும் பழைய நான்கு மாடிக் கட்டடம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மொட்டைமாடி 300 சதுர மீட்டர் எனவும், தண்ணீர்த் தொட்டி, படிக்கட்டு முதலியவை போகப் பாதியிடமே தகடுகளுக்குக் கிட்டும் எனவும் வைத்துக்கொண்டால், 15 கிலோவாட்டு அமைக்கலாம். நாளொன்றுக்கு 60 யூனிட் கிடைக்கும். அங்கே 16 குடும்பங்கள் வாழ்ந்தால் குடும்பத்திற்கு 4 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாகும். செம்பூரில் பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு உயர்ந்து வரும் இருபது மாடிக் கட்டடத்தில் அதே அளவான கூரையின் கீழ் 80 குடும்பங்கள் வாழுமாயின், பங்கு முக்கால் யூனிட்டே. மாடிகள் உயர உயர, தலைக்குக் கிடைக்கும் சூரியன் குறைகிறது.

தாராவியிலோ நிலைமை இன்னும் கடினம். தகரமும் சிமென்டு அட்டையும் வேய்ந்த கூரைகள் பல, தகடுகளின் எடையையும் பருவக்காற்றின் வேகத்தையும் ஒருங்கே தாங்க மாட்டா. ஒரே வீட்டின் கீழ்த்தளத்தில் பட்டறையும் மேல்தளத்தில் வாடகைக் குடித்தனமும் இருக்குமிடத்தில், கூரை யாருடையது என்பதே தெளிவில்லை. மறுசீரமைப்புத் திட்டத்தின் கீழ் அங்கு அடுக்குமாடிகள் எழும்போதும், மேற்கூறிய கணக்கே அவற்றுக்கும் பொருந்தும்.

மத்திய அரசாங்கம் 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதம மந்திரி சூரிய வீட்டுத் திட்டம், ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டது. அதன்படி முதல் இரண்டு கிலோவாட்டுகளுக்குக் கிலோவாட்டு ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவதற்கு 18,000 ரூபாயுமாக, வீடொன்றுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. அதே ஆண்டில் திருத்தப்பட்ட மின் நுகர்வோர் உரிமை விதிகள், வண்டிக்கு மின்னேற்றத் தனி இணைப்புக் கேட்பவர்க்கு அதனை வழங்க வேண்டும் என்கின்றன. இவை வரவேற்கத்தக்கவை. ஆயினும், தனிக்கூரை உடையவரையே முதன்மையாகக் கொண்டு இவற்றை நடைமுறைப்படுத்தினால், நகரத்தில் ஓர் அநீதி விளையும்.

அது எவ்வாறெனில், சூரியன் நண்பகலில் மிகுதியாக மின்சாரம் தருகிறது. அப்போது வண்டியோ அலுவலக வாசலில் நிற்கிறது. வண்டி வீடு திரும்பி மின்னேறும் இரவில் சூரியன் இல்லை. பகலில் மிஞ்சியதைப் பெற்றுக்கொண்டு இரவில் திருப்பித் தருவது மின் வலைப்பின்னலே. கொடுத்ததைக் கழித்து எஞ்சியதற்கு மட்டும் கட்டணம் வாங்கும் நிகர அளவீட்டு முறையில், கூரை உடையவர் கம்பிகளையும் மின்மாற்றிகளையும் முன்போலவே பயன்படுத்துகிறார்; அவற்றின் பராமரிப்புக்கு அவர் செலுத்தும் தொகையோ குறைகிறது. குறைந்த தொகை நாளடைவில் யார் மீது விழும்? கூரை இல்லாதவர் மீதே விழும். 2020 அக்டோபர் 12-ஆம் நாள் மும்பையில் மின்வழங்கல் தடைப்பட்டு மின்சார ரயில்கள் நின்றன. அத்தகைய வேளையில், மின்கலம் இல்லாத சாதாரணக் கூரைத் தகடுகளும், கம்பியில் வேலை செய்வோரின் உயிரைக் காக்கும் பொருட்டுத் தாமே நின்றுவிடும். தனித்து உற்பத்தி செய்பவரும் பொது வலைப்பின்னலை நம்பியே வாழ்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இதற்குப் பரிகாரம் உற்பத்தியைத் தடுப்பதன்று. பங்கைப் பொதுவாக்குவதே ஆகும். ஒரு கூரையில் விளையும் மின்சாரத்தை வேறிடத்தில் வாழும் பலருடைய கட்டணச் சீட்டுகளில் பங்கிட்டு வரவு வைக்கும் முறைக்கு, தில்லியின் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019-இலேயே நெறிமுறை வகுத்தது. சூரிய வீட்டுத் திட்டத்தின் 2024-ஆம் ஆண்டு நெறிமுறைகளும் இம்முறையில் அமையும் நிலையங்களுக்கு மானியத்தை அனுமதிக்கின்றன. மும்பையில் இதற்கு ஏற்ற சூழ்நிலை கண்முன்னே உள்ளது. மாதுங்காவில் பள்ளிகளும் கல்லூரிகளும் நிறைந்துள்ளன. அருகிலேயே தாராவி உள்ளது. இரண்டுக்கும் மின்சாரம் வழங்குவது பெஸ்ட் ஒன்றே. மே மாதத்தில் வெயில் கடுமையாகக் காயும்போது பள்ளிகள் பூட்டிக்கிடக்கும். அந்தக் கூரைகளின் மின்சாரம், தகரக் கூரையின் கீழ் மின்விசிறியை நிறுத்த முடியாத குடும்பத்தின் கணக்கில் வரவாகுமானால், அது தர்மம் அன்று, முறையான பங்கீடே. செம்பூரில் வழங்குவோர் அதானி, டாட்டா ஆகிய வேறு நிறுவனங்களாதலின், அங்குள்ள கூரைகளை அங்குள்ளோர்க்கே பங்கிடல் வேண்டும்.

மின்னேற்றத்திலும் இதே நெறி பொருந்தும். சாதாரண 15 ஆம்பியர் முனை வழியாக ஒரு கார் ஏறத்தாழ 3 கிலோவாட்டு இழுக்கும். 16 கார்கள் ஒரே மாலையில் இழுத்தால் கட்டடத்தின் மின்கம்பி தாங்காது. முறைவைத்து ஏற்றினால் தாங்கும். தாராவியின் குறுகிய சந்துகளில், நிலத்தொடர்பு சரியில்லாத பழைய கம்பிகளிலிருந்து வீட்டினுள்ளே ஸ்கூட்டருக்கு மின்னேற்றுவது ஆபத்தானது. அங்கே பொது இடத்தில் அளவியும் காப்புச் சாதனமும் பொருத்திய மின்னேற்று நிலையம் வேண்டும்.

களப்பணியாளர் ஒரு வீட்டின் கூரையை அளக்கும்போது, அதன் கீழ் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஆசிரியர்கள் மேலே கண்ட கணக்கை மாணவர்களைக் கொண்டு தம் பள்ளிக் கூரைக்கே செய்து பார்க்கச் செய்யலாம். அவ்வாறு கிடைக்கும் எண்களை மின்வழங்கும் ஸ்தாபனத்தின் முன் வைப்பதே பங்கீட்டுக்கு முதற்படியாகும்.